விற்க மனமில்லாதவரின் விலை

2024 ஜூன் 3

அமெரிக்கத் தத்துவவாதி ராபர்ட் நோசிக் 1974இல் முன்வைத்த சொத்து நியாயம் மூன்று கேள்விகளில் அடங்கிவிடும். யாருக்கும் சொந்தமில்லாததை ஒருவர் முதன்முதலில் எடுத்துக்கொண்ட விதம் சரியா? பிறகு கைமாறிய ஒவ்வொரு முறையும் கொடுத்தவர் மனமொப்பிக் கொடுத்தாரா? வழியில் எங்காவது அபகரிப்போ மோசடியோ நடந்திருந்தால் அதற்குப் பரிகாரம் செய்தார்களா? மூன்றும் தேறிவிட்டால், ஒருவரிடம் ஆயிரம் ஏக்கரும் அடுத்தவரிடம் அரை கிரவுண்டும் இருப்பதில் அநீதி எதுவும் இல்லை.

தனிமனித உரிமையே முதன்மை, அரசு சிறியதாக இருந்தால் போதும் என்னும் லிபர்டேரியன்கள் வாய் ஓயாமல் பேசுவது இரண்டாவது கேள்வியைத்தான். கூடைப்பந்து வீரர் வில்ட் சேம்பர்லினின் ஆட்டத்தைப் பார்க்க ஒரு சீசனில் பத்து லட்சம் பேர் வருகிறார்கள். ஆளுக்கு 25 சென்ட் அவருக்கென்று தனியாகப் போடுகிறார்கள். முடிவில் அவர் கையில் 2,50,000 டாலர். ஆரம்பத்தில் எல்லாரிடமும் சமமாக இருந்திருந்தாலும் இப்போது சமமில்லை. இதில் அநியாயம் எங்கே புகுந்தது என்று கேட்கிறார் நோசிக். மடக்க முடியாத கேள்வி. ஆனால் மூன்றாவதுக்கு வரும்போது அவர் குரல் இறங்கிவிடுகிறது. பழைய அநியாயங்கள் மிகப் பெரியவையாக இருந்தால் கொஞ்ச காலத்துக்குப் பெரிய அரசே தேவைப்படலாம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அவரைத் துணைக்கு அழைப்பவர்கள் அந்த வரியைத் தொடுவதே இல்லை.

ஜூன் 5

இந்த மூன்று கேள்விகளையும் உரசிப் பார்க்க, அரசு கட்டாயமாக நிலத்தை எடுத்துக்கொள்ளும் நில எடுப்பு வழக்குகளைவிட நல்ல இடம் கிடையாது.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நியூ லண்டன் ஒரு சிறிய துறைமுக நகரம். ஃபோர்ட் ட்ரம்புல் பகுதியில் சுமார் 90 ஏக்கரில் ஹோட்டல், வீடுகள், அலுவலகங்கள் கட்டும் திட்டத்துக்கு 2000இல் நகரசபை ஒப்புதல் கொடுத்தது. பக்கத்திலேயே ஃபைசர் மருந்து நிறுவனத்தின் ஆய்வு மையம் எழும்பிக்கொண்டிருந்தது. ஒன்பது உரிமையாளர்கள், 15 சொத்துகள், தர மறுத்தார்கள். அவை பாழடைந்தவை என்று நகரம்கூடச் சொல்லவில்லை. திட்ட எல்லைக்குள் இருந்தன, அவ்வளவுதான். சூசெட் கீலோவின் இளஞ்சிவப்பு வீடு அதில் ஒன்று.

அரசமைப்பின் ஐந்தாவது திருத்தம் 'பொதுப் பயன்பாட்டுக்கு' மட்டுமே நிலம் எடுக்கலாம் என்கிறது. வேலைவாய்ப்பும் வரி வருமானமும் கூடுவதே பொதுப் பயன்தான் என்று 2005 ஜூன் 23 அன்று உச்ச நீதிமன்றம் 5–4 கணக்கில் தீர்ப்பளித்தது. 2009இல் ஃபைசர் அந்த ஊரைவிட்டுக் கிளம்புவதாக அறிவித்தது. வீடுகள் இருந்த இடம் பல வருடங்கள் காலிமனையாகக் கிடந்தது. தீர்ப்பின் எதிரொலியாக 40க்கும் மேற்பட்ட மாநிலங்கள் தங்கள் சட்டத்தைத் திருத்தின. சில உண்மையாகவே, பல ஒப்புக்கு.

ஜூன் 6

நஷ்டஈட்டுக் கணக்கு. 'நியாயமான சந்தை விலை' என்றால், விற்க விரும்பும் ஒருவரும் வாங்க விரும்பும் ஒருவரும் ஒத்துக்கொள்ளும் விலை. விற்க விரும்பியிருந்தால் வழக்கே வந்திருக்காது! கட்டாயம் என்று சொல்லிக்கொண்டே, கட்டாயம் இல்லாததுபோல் பாவித்து விலை போடுகிறது சட்டம். பிறந்ததிலிருந்து அதே வீட்டில் இருப்பவருக்கும், வாடகைக்கு விட வாங்கிப் போட்டவருக்கும் ஒரே தொகை.

எதிர்வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். நூறு மனை தேவைப்படும் இடத்தில் 99 கைக்கு வந்துவிட்டால், கடைசி ஆள் கேட்பதுதான் விலை. இது தெரிந்து எல்லாருமே கடைசி ஆளாக நிற்கப் பார்ப்பார்கள். வேறு பெயரில் சத்தமில்லாமல் வாங்குவது, ஒன்றுக்கு மூன்று இடங்களைப் போட்டிக்கு வைத்து ஒப்பந்த விருப்புரிமை (பேசிய விலைக்குப் பிறகு வாங்கிக்கொள்ளும் உரிமை) எழுதிக்கொள்வது என்று தனியார் வழிகள் உண்டு. ரயில் பாதைக்கு இவை சரிவராது. ஹோட்டலுக்குத் தாராளமாகச் சரிவரும்.

ஜூன் 10

நியூ லண்டன் வீடுகள் பற்றிய அந்தக் கீலோ வழக்கில் சூடான மறுப்புத் தீர்ப்பு எழுதியவர் சாண்ட்ரா டே ஓ'கானர். அதே நீதிபதிதான் 1984இல் ஹவாயின் மிட்கிஃப் வழக்கில் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாகத் தந்த தீர்ப்பை எழுதி, தனியாரிடமிருந்து எடுத்துத் தனியாருக்கே கொடுக்கலாம் என்றவர்.

ஹவாயில் கிட்டத்தட்ட 49 சதவீத நிலம் அரசுகளிடம். இன்னொரு 47 சதவீதம் வெறும் 72 தனியார் உரிமையாளர்களிடம். மக்கள் குத்தகை மனையில் வீடு கட்டிக் குடியிருந்தார்கள். அந்த மனையை நிலக்காரரிடமிருந்து எடுத்துக் குத்தகைதாரருக்கே விற்க வழிசெய்த 1967 சட்டத்தின் நடைமுறை இது: குறைந்தது ஐந்து ஏக்கர் குடியிருப்புப் பகுதி, அதில் 25 குத்தகைதாரர்கள், அல்லது பாதி மனைகளின் குத்தகைதாரர்கள், இரண்டில் எது குறைவோ அத்தனை பேர் மனு கொடுக்க வேண்டும். வீட்டுவசதி ஆணையம் பொது விசாரணை நடத்தும். விலை பேச்சுவார்த்தையிலோ நீதிமன்றத்திலோ முடிவாகும். பிறகு ஆளுக்கு ஒரு மனைக்கு மேல் கிடையாது. விலையில் 90 சதவீதம் வரை ஆணையமே கடன் தரலாம்.

இதில் ஒரு வேடிக்கை. நிலக்காரர்கள் விற்காததற்குச் சொன்ன முக்கியக் காரணம், விற்றால் கட்ட வேண்டிய மத்திய வரி. கட்டாய எடுப்பு என்றால் அந்தச் சுமை குறையும். சட்டம் அந்த வழியைப் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

வழக்குப் போட்டவர்கள் பிஷப் எஸ்டேட்டின் அறங்காவலர்கள். ஹவாய்ப் பூர்வகுடிப் பிள்ளைகளின் படிப்புக்காக இளவரசி பெர்னிஸ் பவாஹி விட்டுச்சென்ற அறக்கட்டளை அது. இப்போது மூன்றாவது கேள்வியைக் கேட்போம். 1848 நிலப் பங்கீட்டில் பெரும்பகுதி அரசருக்கும் தலைவர்களுக்கும் போயிற்று, உழுதவர்களுக்குச் சொற்பமே. 1893இல் அந்த ராஜ்ஜியமே கவிழ்க்கப்பட்டது. யாருக்கு யார் பரிகாரம் செய்ய வேண்டும்? 1984 தீர்ப்பு ஒரு சிலரின் பிடியைத் தளர்த்துவதைப் பொதுப் பயன் என்றதே தவிர, பட்டா எந்த வழியாக வந்தது என்று அலசவில்லை. நிலக்குவியல் கலைந்தது, சரி. கலைந்தது யார் பங்கு என்பதைப் பார்த்தால் எனக்கு நெருடுகிறது.

ஜூன் 12

'மனமொப்பி' என்று சொன்னதும் மனம் என்ற ஒன்று சுயமாக முடிவெடுக்கிறதா என்று கேட்பார்கள். மூளை ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட் 1983இல் வெளியிட்ட சோதனையைக் காட்டுவார்கள்: விரலை அசைக்கும் முடிவு நமக்குத் தெரியவருவது அசைவுக்குச் சுமார் 200 மில்லிசெகண்ட் முன்பு, மூளையில் ஆயத்த அலை தொடங்குவதோ 550 மில்லிசெகண்ட் முன்பே. அந்த அலையே முடிவு அல்ல, மூளையின் தற்செயல் ஏற்ற இறக்கம் வரம்பைத் தொடும் நேரம்தான் என்று 2012இல் ஷூர்கர் குழுவினர் வேறு விளக்கம் கொடுத்தார்கள்.

எப்படியானாலும் நில விற்பனைக்கு அது தேவையில்லை. 'விற்றால் பத்து லட்சம் தருகிறேன், விற்காவிட்டால் போகட்டும்' என்பது சலுகை. 'விற்றால் பத்து லட்சம், விற்காவிட்டால் எட்டு லட்சத்துக்கு எடுத்துக்கொள்வோம்' என்பது மிரட்டல். நரம்பணுக்கள் எப்படி இயங்கினாலும் இந்த வித்தியாசம் வித்தியாசம்தான்.

ஜூன் 17

இந்தியச் சட்டம் ஒரு விஷயத்தில் அமெரிக்காவைவிட நேர்மையானது. 1894 நில எடுப்புச் சட்டமே, எடுப்பு கட்டாயமானது என்பதற்காகவே சந்தை மதிப்பின் மேல் 15 சதவீதம் கூடுதலாகத் தந்தது. 1984இல் அது 30 ஆயிற்று. 2013 சட்டத்தில் 100. இதற்கு ஆறுதல் தொகை என்று பெயர்.

கோளாறு அடிமதிப்பில். சுற்றுவட்டாரத்தில் முந்தைய மூன்று வருடப் பத்திரங்களில் விலை அதிகமுள்ள பாதியை எடுத்துச் சராசரி போடுகிறார்கள். முத்திரைச் சட்ட மதிப்பு, அதாவது வழிகாட்டி மதிப்பு, அதைவிட அதிகமென்றால் அது. கிராமப்புறத்துக்கு 1 முதல் 2 வரை பெருக்கல். ஏக்கருக்கு அடிமதிப்பு 10 லட்சம், பெருக்கல் 1.5 என்று வைத்தால் 15. ஆறுதல் தொகையுடன் 30 லட்சம். பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பைக் காட்டிவிட்டு மீதியை ரொக்கமாக வாங்கும் ஊரில் நிஜ விலை 35 லட்சமாக இருந்தால், இந்த இரட்டிப்பும் எட்டாது.

பணம் வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். தொகை போதாது என்ற ஆட்சேபத்துடன் பெறுவதாக எழுதியே கையெழுத்திட வேண்டும். அந்தக் குறிப்பில்லாமல் வாங்கிவிட்டால் 2013 சட்டத்தின் 64ஆம் பிரிவின் கீழ் கூடுதல் கேட்டு மனு போட முடியாது. தீர்வம் (இழப்பீட்டை முடிவுசெய்யும் ஆட்சியரின் உத்தரவு) அறிவிக்கும்போது நேரில் இருந்தவருக்கு அந்த மனுவுக்கான கெடு அன்றிலிருந்து ஆறு வாரம்.