ப்ளின் என்றால் தோசை இல்லை

ரஷ்ய மொழி படிக்க ஆரம்பித்த புதிதில், எதற்கெடுத்தாலும் "ப்ளின்" என்கிறார்களே என்று குழம்பியிருக்கிறேன். பஸ்ஸை விட்டாலும் ப்ளின், சாவியைக் காணோம் என்றாலும் ப்ளின். அகராதியில் பார்த்தால், தவக்காலத்துக்கு முன் வரும் மாஸ்லெனித்ஸா பண்டிகை வாரத்தில் வெண்ணெய் தடவித் தின்கிற தோசை! அதே எழுத்துகளில் தொடங்கும் ஒரு கெட்ட வார்த்தையை விழுங்கிவிட்டு, அந்த இடத்தில் இதைச் சொல்கிறார்கள்.

ஆங்கிலத்தில் அழுத்தம் கொடுக்க ‘ஃபக்கிங்’கை முன்னால் வைத்தால் போதும். நல்லதோ கெட்டதோ, அடுத்த சொல்தான் சொல்லும். ரஷ்யனில் வசவின் வேரே முளைவிடும். மரியாதைக்கு ‘ஃபிக்’ என்ற மென்மையான வேரையே எடுத்துக்கொள்வோம். கட்டைவிரலை அடுத்த இரண்டு விரல்களுக்கு நடுவே நுழைத்துக் காட்டும் சைகையின் பெயர் அது. ‘அஃபிகென்னா’ என்றால் பிரமாதம். ‘ஃபிகோவா’ என்றால் படுமோசம். ‘தஃபிகா’ என்றால் ஏகப்பட்டது. ‘போஃபிகு’ என்றால் எனக்கென்ன வந்தது. ‘ஃபிக்ன்யா’ என்றால் குப்பை. ஒரே வேர்தான், முன்னொட்டும் விகுதியும் மாறினால் புகழ்ச்சியே இகழ்ச்சியாகிவிடுகிறது. எனக்கு இதில் மாளாத வியப்பு.

அசல் வசவுகளும் அப்படித்தான் கிளைக்கின்றன. அவற்றுக்கு ‘மாத்’ என்று பெயர். 2014 ஜூலை 1 முதல் சினிமாவிலும் மேடையிலும் சட்டப்படி தடை.

ரஷ்யப் படங்களுக்கு ஆங்கில சப்டைட்டில் போடுகிறவர்கள் இத்தனை சொற்களுக்கும் அந்த ஒற்றை ‘ஃபக்கிங்’கையே எழுதும்போது மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.