கரைக்குக் கிட்ட வந்தால்

“தம்பி, கப்பலில தண்ணி காய்ச்சத் தனியா எண்ணெய் எரிக்கிறேல்லை. எஞ்சின் வெளியில விடுற சூடே காணும்.”

2021இல் எங்கள் வேலைத்தலத்து ஜெனரேட்டர் அறை வாசலில் அண்ணை சொன்னது. பல வருசம் கப்பலில் எஞ்சின் பார்த்தவர். எஞ்சினைக் குளிர்வித்து 80 பாகையில் வெளிவரும் நீரை ரேடியேட்டரில் வீணாக ஆறவிடுகிறோம். அதைக் காற்றை உறிஞ்சியெடுத்த ஒரு வெற்றிடக் கலன் வழியாக விட்டால் எங்கள் கொழும்பு மட்டக்குளிக் கிணற்றின் உவர்நீர் 45 பாகையிலேயே கொதிக்கும், ஆவியைக் குளிரவைத்தால் நல்ல தண்ணி என்றார்.

நான் கேட்டேன்: “அண்ணை, கப்பல் கரைக்குக் கிட்ட வந்தா அந்தக் கலனை நிப்பாட்டுவியள்தானே? ஏன்?”

“ஓம். கரைத்தண்ணி அழுக்கு. அந்தச் சூட்டில கிருமி சாகாது.”

அதற்குமேல் அவர் பேசவில்லை. பக்கத்தில் இரண்டு பொடியன்கள் நின்றார்கள்.

நான் சொன்னது இன்றைக்கும் சரிதான். களனி ஆறு கடலில் விழும் பக்கத்துக் கிணற்று நீரை 45 பாகையில் காய்ச்சி ஆட்களுக்குக் குடிக்கக் கொடுக்க எந்தப் பொறியியலாளர் கையெழுத்து வைப்பார்? அன்றிரவு கணக்கும் போட்டேன். ஒரு லீற்றர் ஆவியாக ஏறக்குறைய 0.67 கிலோவாட் மணி வெப்பம் வேண்டும். எஞ்சினைக் குளிர்விக்கும் நீரில் போவது 300 கிலோவாட் என்று வைத்தால், இழப்புப் போக மணிக்கு 400 லீற்றர். மாதத்தில் நாலைந்து மணி நேரம் ஓடும் ஜெனரேட்டருக்கு இது எதற்கு?

2022 மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு வந்தது. ஜெனரேட்டர் நாள் முழுக்க ஓடியது. தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி வரவில்லை. அவர்களிடமும் டீசல் இல்லை. தண்ணீரில்லாமல் பொயிலரை நிறுத்தினோம். அந்தக் கலன் இருந்திருந்தால் அன்று 13 மணி நேரத்தில் 5,200 லீற்றர் கிடைத்திருக்கும். ஆனால் எங்களுக்கும் டீசல் முடிந்த நாட்கள் வந்தனவே, அப்போது அந்தக் கலனும் நின்றிருக்கும். இதை எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன்.

பொயிலரில்தான் ஒவ்வொரு முறையும் தடக்குப்படுகிறேன். உப்புப் படியாத வடிநீரைவிட அதற்கு வேறென்ன வேண்டும்? கிருமி இருந்தால் பொயிலருக்கு என்ன? தண்ணி எதற்கென்று அண்ணை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

போன மாதம் அந்தக் கணக்குத் தாள் கையில் அகப்பட்டது. தலைப்பில் ‘குடிநீர்’ என்று நான்தான் எழுதியிருக்கிறேன். அண்ணை ஓய்வுபெற்றுக் கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். நான் வேலைக்குப் போகிற வழிதான். இன்னும் இறங்கவில்லை.