மல்லிகையின் மஞ்சளும் முட்டை ஓடும்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு வேப்பமரத்தடியில், செடி வளர்த்துப் பழகிய நாங்கள் நான்கைந்து பேர் உட்கார்ந்திருப்போம். யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம், கட்டணம் கிடையாது. ஆனால், நோயுற்ற கிளையில் ஒரு துண்டையாவது கையோடு கொண்டுவர வேண்டும் என்பதில் மட்டும் கறாராக இருக்கிறோம்.

சில வாரங்களுக்கு முன் ஓர் அம்மா மஞ்சள் பையிலிருந்து மல்லிகைக் கிளை ஒன்றை எடுத்து நீட்டினார். எங்களில் மூத்தவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடியிலைகள் பச்சையாகவே இருந்தன. நுனிக் கொழுந்துகள் மட்டும் வெளிறிப்போய், நரம்புகள் வலை பின்னியதுபோல் பச்சையாகத் தெரிந்தன.

"என்னம்மா போட்டீங்க?"

"ரெண்டு தடவை யூரியா போட்டேன் ஐயா. அப்புறம் முட்டை ஓடு."

யூரியா தரும் தழைச்சத்து குறைந்தால், செடி அதை முதிர்ந்த இலைகளிலிருந்து கொழுந்துக்கு இழுத்துக்கொள்வதால், முதலில் மஞ்சளாவது அடியிலைதான். இரும்புச்சத்து அப்படி இடம்பெயராது. ஆகவே அதன் குறை கொழுந்தில்தான் தெரியும். தொட்டித் தட்டில் வெள்ளைப் படிவு கட்டும் அளவுக்கு உப்பான போர்த் தண்ணீரையே ஊற்றி வந்தால், மண் காரத்தன்மை அடைந்து, அதில் இருக்கும் இரும்பைக்கூட வேரால் எடுக்க முடியாமல் போகிறது. அதன் மேல் சுண்ணாம்பேயான முட்டை ஓட்டையும் பொடித்துப் போடுவது எரிகிற தீயில் எண்ணெய் வார்ப்பதுதான். அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. என் ரோஜாத் தொட்டிகளிலும் இரண்டு ஆண்டுகள் அதையே செய்திருக்கிறேன்.

இத்தனைக்கும் முட்டை ஓடு தவறான பொருளன்று. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், மழை கழுவிக் கழுவி அமிலத்தன்மை ஏறிப் புளித்துப்போன ஏற்காட்டு மண்ணில், காப்பித் தோட்டக்காரர்கள் விலை கொடுத்துச் சுண்ணாம்பு வாங்கிப் போடுகிறார்கள். மலைமேல் மருந்தாவது அடிவாரத்தில் நோயைக் கூட்டுகிறது என்பதைப் பொதுவான குறிப்புகள் எதுவும் சொல்வதில்லை.

லிட்டர் தண்ணீருக்கு ஐந்து கிராம் அன்னபேதி உப்பை, அதாவது இரும்புச்சத்து தரும் உப்பை, கரைத்து, வெயில் தாழ்ந்தபின் இலைமேல் தெளிக்கச் சொன்னோம். மழைநீர் கிடைத்தால் பிடித்து வைத்து ஊற்றவும் சொன்னோம். அடுத்து வந்தபோது அவர் காட்டிய கொழுந்தில், துளி பட்ட இடங்கள் மட்டும் பச்சைப் புள்ளிகளாகத் தேறியிருந்தன. என் வீட்டு முட்டை ஓடுகள் இப்போது ஒரு டப்பாவில் சேர்கின்றன. ஏற்காட்டு நண்பர் இறங்கி வரும்போது எடுத்துச் செல்கிறார்.