பிரேக் பேடை மாற்றும் முன் சத்தத்தைக் கேளுங்கள்

காரின் பிரேக் கிரீச்சிடுகிறது என்று பட்டறைக்குப் போனால், சக்கரத்தைக் கழற்றும் முன்பே பெரும்பாலும் கிடைக்கும் பதில், "பேடு போச்சுங்க, மாத்திரலாம்" என்பதுதான். சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் என்ற இரும்புத் தட்டை, பிரேக் மிதித்ததும் இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டைதான் பேடு. அது தேய்ந்து போயிருப்பது சில சமயம் உண்மையாகவும் இருக்கும். ஆனால் இன்னும் பாதிக் கனம் மீதமுள்ள பேடுகள் குப்பைக்குப் போவதையும், புதியவை போட்ட சில வாரங்களிலேயே பழைய சத்தம் திரும்பி வருவதையும் எங்கள் பொள்ளாச்சிப் பக்கத்தில் பல வண்டிகளில் பார்த்திருக்கிறேன். பேடு அமர்ந்திருக்கும் இடத்தையும், பேடுகளை அழுத்தும் கவ்வியான கேலிப்பர் நகரும் ஊசிகளையும் யாரும் தொடாமல் விட்டதே அதற்குக் காரணம்.

எனவே முதல் வேலை காதுக்குத்தான். மழையில் நனைந்த வண்டியோ, வால்பாறையில் இரவு முழுவதும் பனியில் நின்ற வண்டியோ காலையில் முதல் சில பிரேக்குகளுக்குக் கரகரத்துவிட்டு அடங்கிவிட்டால், அது டிஸ்க்கின் மேல் படிந்த மெல்லிய துரு. தானாகவே தேய்ந்து போய்விடும், எதையும் கழற்ற வேண்டியதில்லை. பிரேக்கை மிதிக்காதபோதும் சக்கரம் சுற்றும் வேகத்துக்கேற்ப உரசல் கேட்டால், டிஸ்க்கின் பின்னாலுள்ள தகரத் தடுப்பு வளைந்திருக்கலாம், அல்லது தோப்புக்குள் போகும் மண் பாதையில் ஒரு சிறு கல் அதற்குள் புகுந்திருக்கலாம். மெல்லிய கீச்சொலி தொடர்ந்து கேட்டு, மிதித்தால் மாறியோ மறைந்தோ போனால், பேடில் பொருத்தியிருக்கும் தேய்மான எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கைத் தொடத் தொடங்கிவிட்டது என்று சந்தேகிக்கலாம். உராய்வுப் பொருள் சுமார் 2 அல்லது 3 மில்லிமீட்டராகக் குறைந்தபோது உரசும்படிதான் அதை வைத்திருக்கிறார்கள். எல்லா பேடுகளிலும் அந்தத் தகடு இருப்பதில்லை. மிதிக்கும்போது இரும்போடு இரும்பு அரைபடும் ஓசை வந்தால், அதற்குமேல் வண்டியை ஓட்டக் கூடாது.

மீதியிருப்பது, மெதுவாக நிறுத்தும்போது மட்டும் எழும் அந்தக் கூர்மையான கிரீச்சொலி. வில் பட்டு வயலின் நரம்பு அதிர்வதைப் போல, பேடு டிஸ்க்கை நொடிக்கு ஆயிரம் முறைக்கும் மேலாகப் பற்றிப் பற்றி விடுவதால் வரும் அதிர்வு இது. டிஸ்க்கை வார்க்கப் பயன்படும் சாம்பல் வார்ப்பிரும்புக்குள் இருக்கும் கிராஃபைட் செதில்கள் அதிர்வை உறிஞ்சக்கூடியவை. கோவையின் பீளமேடு, கணபதி வார்ப்பாலைகளில் (ஃபவுண்டரி) வேலை செய்தவர்களிடம் கேட்டால் இந்த இரும்பின் குணத்தை விளக்கமாகச் சொல்வார்கள். அதையும் மீறிச் சத்தம் வருகிறதென்றால், பேடு தளர்வாக ஆடுகிறது அல்லது செம்மண் புழுதி இறுகி ஓரிடத்தில் சிக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

முன்சக்கரத்தைப் பார்க்கும் முறை இது. சமதளத்தில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, நட்டுகளைத் தரையிலேயே சற்றுத் தளர்த்திய பிறகுதான் ஜாக்கியைப் போட வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பாமல் ஸ்டாண்டும் கொடுக்க வேண்டும். கேலிப்பரின் ஒரு போல்ட்டைக் கழற்றி மேலே திருப்பினால் பேடுகள் தெரியும். முழுவதுமாகக் கழற்ற நேர்ந்தால், கேலிப்பரை ஒரு கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். அதன் பாரம் பிரேக் ஓஸின் மேல் விழக் கூடாது. உள்பக்கப் பேடும் வெளிப்பக்கப் பேடும் ஒரே அளவில் தேய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். நழுவும் வகைக் கேலிப்பரில் ஒன்று மட்டும் அதிகமாகத் தேய்ந்திருந்தால், பெரும்பாலும் ஊசி இறுகியிருக்கும் அல்லது பேடைத் தள்ளும் பிஸ்டன் சரியாகத் திரும்பாமல் இருக்கும்.

ஊசிகளை உருவித் துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸை மெலிதாகத் தடவ வேண்டும். வீட்டில் கிடக்கும் பேரிங் கிரீஸைத் தடவும் வழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. அது ரப்பர் உறையை ஊதவைத்து ஊசியை முன்னிலும் இறுக்கிவிடும். பேடின் காதுகள் (இரு முனைகளிலும் நீட்டியிருக்கும் பகுதி) அமரும் இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, தளர்ந்த கிளிப்பை மாற்றி, பேடின் முதுகில், அதிர்வைக் குறைக்கும் ஷிம் என்ற மெல்லிய தகடு இருக்கிறதா என்று பாருங்கள். உராய்வு முகத்தில் கிரீஸோ எண்ணெயோ ஒரு துளியும் படக் கூடாது. தூசியை வாயால் ஊதவோ காற்றடித்துக் கிளப்பவோ வேண்டாம், பழைய பேடுகளில் கல்நார் இருக்கலாம். பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைப்பதே நல்லது.

ஆழியாறிலிருந்து வால்பாறை வரையுள்ள 40 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கும்போது, கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே கால் வைத்து வருபவர்களின் பேடு வெப்பத்தில் மெருகேறி வழுவழுப்பாகிவிடும். லேசாக இருந்தால் உப்புத்தாளில் தேய்த்துச் சரிசெய்யலாம். வெடிப்போ எரிந்த வாடையோ இருந்தால், இரு முன்சக்கரங்களுக்கும் சேர்த்து மாற்றிவிட வேண்டும். டிஸ்க்கின் கனம் அதில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போயிருந்தால், லேத்தில் கடைந்து பயனில்லை. பின்சக்கரத்தில் டிஸ்க்குக்குப் பதிலாக டிரம் (மூடிய உருளை வகைப் பிரேக்) இருந்தால், அதில் கேட்கும் சத்தம் பெரும்பாலும் உள்ளே சேர்ந்த தூசிதான்.

பூட்டியதும், வண்டியை நகர்த்தும் முன் பெடலை இறுகும் வரை மிதித்துவிட்டு, பிரேக் ஆயிலின் அளவையும் பாருங்கள். புதிய பேடானால், ஆளில்லாத சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து மிதமாகக் குறைத்து, இடையிடையே ஆறவிட்டுப் பலமுறை பழக்க வேண்டும். திரும்பி வந்து நின்றதும், தொடாமல் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் உள்ளங்கையைக் கொண்டு போங்கள். இரு முன்சக்கரங்களில் ஒன்று மட்டும் அதிகமாகக் கொதித்தால், அங்கே பிஸ்டன் சிக்கியிருக்கக்கூடும். அதன் ரப்பர் சீல் வேலையை விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே என் வழக்கம்.