திங்கள் இரவு எட்டு மணி

இங்கிலாந்தில் ஜூன் மாதத்தில் பிரீமியர் லீக் கால்பந்து ஆட்ட அட்டவணை என்று ஒன்றை வெளியிடுகிறார்களே, அதை அட்டவணை என்று சொல்வதே பாவம். அது வெறும் உத்தேசம். லிவர்பூல் அணியின் மைதானமான ஆன்ஃபீல்டில் சனிக்கிழமை மதியம் 3 மணிக்கு என்றிருந்த, நாங்கள் போகவேண்டிய ஆட்டம், நேற்று மாலை முதல் திங்கட்கிழமை இரவு 8 மணி ஆட்டமாகிவிட்டது. தொலைக்காட்சிக்கு அதுதான் தோதாம்.

மாமாவிடம் இதைச் சொல்ல வீட்டில் யாருக்கும் துணிவு வரவில்லை. ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். ரயில் சற்றுத் தாமதமானாலும் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டே பழகியவர். கடைசியில் சின்னவன்தான் போய்ச் சொன்னான். மாமா கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

"யார் உத்தரவு?"

"டிவி, தாத்தா."

"டிவி எப்படிடா உத்தரவு போடும்?"

பிறகு எழுந்து போய், ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த தம்முடைய அட்டவணையைக் கழற்றினார். லண்டன் யூஸ்டன், க்ரூ, ரன்கார்ன், லிவர்பூல் லைம் ஸ்ட்ரீட் என்று ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, வந்து சேரும் நேரம் நீலத்திலும் புறப்படும் நேரம் சிவப்பிலும் எழுதியது. "குறிப்பு" என்று ஒரு கட்டம். அதில் என் பெயருக்கு நேராக "தாமதமாகக் கிளம்புபவர்" என்றிருந்தது. முன்கூட்டியே எடுத்தால் மலிவு என்று ரயில் டிக்கெட்டை எடுக்க வைத்தவரும் அவர்தான். மலிவு டிக்கெட்டில் பணம் திரும்ப வராது. பயணத் தேதியை மாற்றிக்கொள்ளலாம், அதற்குத் தனியாகக் கட்டணம், அன்றைய விலையின் வித்தியாசமும் நம் தலையில். விற்ற இணையதளம் என்னிடம் "உங்கள் பயணம் எங்களுக்கு முக்கியம்" என்கிறது. இருக்காதா பின்னே?

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாமாவுக்குக் கால்பந்தின்மேல் எந்தப் பிடிப்பும் இல்லை. லிவர்பூல் என்றதும் அவர் கண் மின்னியது 1830-க்காக. அந்த ஆண்டுதான் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. இரண்டு நகரங்களை நீராவி ரயிலால் இணைத்த முதல் பாதை அதுதான். தொடக்க விழா அன்றே ஹஸ்கிசன் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் தண்டவாளத்தில் நின்று கைகுலுக்கப் போய், "ராக்கெட்" என்று பெயரிட்ட ரயில் என்ஜின் மோதி இறந்தார். மாமா இதைச் சொல்லும்போது தம் செக்‌ஷனில் போன வாரம் நடந்ததுபோல ஒரு சலிப்பு தெரியும். "தண்டவாளத்தில் எதற்கு இறங்கினார்?" என்பார். லைம் ஸ்ட்ரீட் 1836-இல் திறந்தது, இன்னும் ஓடுகிறது. அதற்கு ஒரு நிறுத்தம் முன்னால் வரும் எட்ஜ் ஹில்லும் அதே ஆண்டுதான். சின்னவனின் ஆட்டத்துக்குப் போட்ட திட்டத்தில் எட்ஜ் ஹில்லுக்கு மூன்று மணி நேரமும், ஆன்ஃபீல்டுக்கு "மீதி" என்றும் எழுதியிருந்தார்.

ஊரில் இருந்தவரை பேரனுக்காக அவர் ஆட்டம் பார்ப்பார். இங்கே மதியம் 3 மணி ஆட்டம் அங்கே சனிக்கிழமை இரவு நேரலையில் வரும். இவன் இங்கிருந்து கத்த, அவர் அங்கிருந்து "கோல்" என்று செய்தி அனுப்புவார். இங்கே வந்த முதல் சனிக்கிழமை, ரிமோட்டை வைத்துக்கொண்டு தேடு தேடென்று தேடினார். இங்கிலாந்தில் சனிக்கிழமை 2:45 முதல் 5:15 வரை கால்பந்து நேரலை கிடையாது. டிவியில் காட்டினால் சின்னக் கிளப்புகளின் மைதானத்துக்கு ஆள் வராது என்று 1960-களில் வந்த ஏற்பாடு. உலகமே பார்க்கிற ஆட்டத்தை ஆட்டம் நடக்கும் நாட்டுக்காரன் பார்க்க முடியாது. "அப்படியானால் நான் ஊருக்கே போய்ப் பார்க்கிறேன்" என்று எழுந்துவிட்டார்.

டிக்கெட் கதை தனிப் புராணம். கவுன்ட்டரில் போய் நின்று வாங்க முடியாது. உறுப்பினராக வேண்டும், குலுக்கலில் பெயர் போட வேண்டும், பிறகு காத்திருக்க வேண்டும். ஐந்து பேருக்குப் போட்டதில் விழுந்தவை இரண்டு. மீதியை வெளியே வாங்கித் தருகிறேன் என்று என் வீட்டுக்காரருடைய அலுவலக நண்பர் ஒருவர் முன்வந்தார். விலையைக் கேட்டதும் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. தவிர, அனுமதியில்லாமல் கால்பந்து டிக்கெட்டை விற்பது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கே குற்றம். மாமா சட்டம் என்ற சொல்லைக் கேட்டதுமே அந்த நண்பருக்குக் காப்பி கொடுப்பதை நிறுத்தச் சொன்னார்.

இரண்டு டிக்கெட். சின்னவன் ஒன்று. கூட யார்? நியாயமாக என் வீட்டுக்காரர்தான் போக வேண்டும். ஆனால் இவர் லிவர்பூலின் பரம எதிரியான மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர். லிவர்பூல் ரசிகர்கள் நடுவில் உட்கார்ந்து, எதிரணி கோல் போடும்போது இவர் முகத்தில் ஒரு சிரிப்பு வருமே, அதைக் கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன், அடக்கத் தெரியாது. காவலர்கள் வெளியே கொண்டுவந்து விட்டால் பிள்ளையும் கூடவே வெளியே வர வேண்டும். ஆகவே மாமா.

டிக்கெட்டைக் காட்டு என்றார். கைப்பேசியைக் காட்டினான். இதை வாசலில் தொட்டால் கதவு திறக்கும், காகிதம் எதுவும் கிடையாது என்றான். "ஓட்டை போட மாட்டார்களா?" என்று கேட்டுவிட்டு, அதன் பிறகு மாமா வெகுநேரம் பேசவில்லை.

அத்தைக்கு இதில் பங்கில்லை என்றுதான் நினைத்தோம். கிடைத்த இடம் மைதானத்தில் காப் என்ற பகுதியில் என்று சின்னவன் சொல்லப்போக, அது என்ன பெயர் என்று கேட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் 1900-இல் போயர் போரில் ஸ்பியன் காப் என்ற குன்றில் லிவர்பூல் வட்டாரமான லங்காஷயரின் வீரர்கள் நிறையப் பேர் இறந்தார்கள், அந்தக் குன்றின் பெயர்தான் இது என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். அங்கே காயம்பட்டவர்களைத் தூக்கிச் சுமந்த இந்தியர் படையில் காந்தியும் இருந்தார் என்று பள்ளியில் படித்ததையும் சேர்த்துவிட்டான். அன்று இரவே அத்தை சம்பந்தி வீடு உள்பட எல்லோருக்கும் போன் செய்து, "காந்தி இருந்த இடத்துக்குப் போகிறோம்" என்று சொல்லிவிட்டார்கள். இப்போது திருத்தவும் முடியாது. பெரிய நாத்தனார் விபூதி அனுப்பியிருக்கிறார்.

காந்தியிடம் வெறுங்கையோடு போவதா? மைதானத்துக்குள் ஏ4 தாளைவிடப் பெரிய பை கூடாது என்றதும், அத்தை பிரின்ட்டரிலிருந்து ஒரு தாளை உருவி, எவர்சில்வர் சம்புடத்தின்மேல் வைத்துப் பார்த்தார்கள். தாள் பெரியது. வெற்றி. பக்கவாட்டில் வைத்தார்கள். சம்புடம் பெரியது. மூடியைக் கழற்றி, தாளை வளைத்து, இன்னொரு முறை. "எந்தப் பக்கமாக அளப்பார்கள் என்று கேள்" என்று என்னிடம் வந்து நின்றார்கள்.

ஆட்டத்தின் பக்கம் மாமா மனம் மாறியது எட்ஜ் ஹில்லால் அல்ல. 2016 பிப்ரவரியில் புதிய ஸ்டாண்டில் 77 பவுண்டுக்கு டிக்கெட் விற்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், சன்டர்லாந்து ஆட்டத்தின் 77-ஆவது நிமிடத்தில் பத்தாயிரம் பேர் அளவில் எழுந்து வெளியேறிய கதையைச் சின்னவன் சொன்னான். அப்போது லிவர்பூல் 2-0 முன்னணி. முடிவு 2-2. சில நாளில் நிர்வாகம் அந்த விலையைக் கைவிட்டது. யூனியன் மனிதருக்கு வேறு என்ன வேண்டும்? "ஜெயித்துக்கொண்டிருக்கும்போது எழுந்து போவதுதான் வேலைநிறுத்தம்" என்றார்.

அதே சூட்டில் ஹில்ஸ்பரோ மைதான விபத்தையும் கேட்டார். 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டில் லிவர்பூலின் அரையிறுதி ஆட்டம். வெளியே நெரிசல் என்று போலீஸ் ஒரு பெரிய கதவைத் திறந்தது. கூட்டம் எதிரே இருந்த சுரங்கப்பாதை வழியாக, ஏற்கெனவே நிரம்பிவிட்ட கம்பி அடைப்புக்குள் போய்ச் சிக்கியது. 97 பேர் இறந்தார்கள். குடித்துவிட்டு வந்த ரசிகர்கள்தான் காரணம் என்று வெகுகாலம் பழி; அவர்கள்மேல் தவறில்லை என்று 2016-இல்தான் விசாரணையில் தீர்ப்பு வந்தது. அவர்கள் பெயர்கள் ஆன்ஃபீல்டில் இருக்கின்றன என்றான் சின்னவன். மாமா அவனிடம் தாள் வாங்கி, கதவு எங்கே, சுரங்கப்பாதை எங்கே என்று வரையச் சொன்னார். பார்த்துக்கொண்டே இருந்தவர், "திருவிழாக் கூட்டத்தில், கதவைத் திறக்கும் முன் அந்தப் பக்கம் ஓர் ஆளை அனுப்புவேன்" என்றார். "சுரங்கப்பாதையை யாரும் அடைக்கவில்லையா?" இல்லை என்றான். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் அட்டவணையில் எட்ஜ் ஹில் இரண்டு மணி நேரமாகக் குறைந்திருந்தது. "பெயர்கள் – 1 மணி" என்று புதிதாக ஒரு வரி.

இப்போது அதெல்லாம் மறுபடி. லண்டனுக்கான கடைசி ரயில் ஆட்டம் முடிவதற்கு முன்பே கிளம்பிவிடும், ஆகவே ஓட்டல். செவ்வாய்க்கிழமை பள்ளி, அதற்கு என்ன காரணம் எழுதுவது என்று இவர் என்னைக் கேட்கிறார். மாமாவோ புது அட்டவணையில் செவ்வாய்க் காலை முழுவதையும் எட்ஜ் ஹில்லுக்கு ஒதுக்கிவிட்டு, இப்போதெல்லாம் டிவிக்காரர்களைத் திட்டுவதே இல்லை.

நானும் அத்தையும் இவரும் லண்டன் கிழக்கு ஹாமிலிருந்து லிவர்பூல் வரை போய், மைதானத்திலிருந்து இரண்டு மைல் தள்ளி, ஓட்டல் அறையில் சம்புடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த ஆட்டத்தை டிவியில் பார்க்கப்போகிறோம். அந்தச் சானல் காசு கட்டினால்தான் வரும். உங்கள் அறையில் வருமா என்று ஓட்டலுக்கு எழுதிக் கேட்டேன். காலைச் சிற்றுண்டி ஏழு மணி முதல் என்று பதில் வந்திருக்கிறது.