தச்சுப்பட்டறையிலிருந்து வந்த தொழில்

அமெரிக்கச் சிற்றூர்களில் தலைமுறை தலைமுறையாக நடக்கும் இறுதிச்சடங்கு இல்லங்கள் பலவற்றின் பூர்வீகம் மரச்சாமான் கடைதான். கட்டிலும் அலமாரியும் செய்த தச்சரே சவப்பெட்டியும் செய்தார். உடலைக் குளிப்பாட்டி உடுத்தியதெல்லாம் வீட்டார். தச்சர் பெட்டியும் நாற்காலிகளும் கொண்டுவருவார். வெயில் காலமென்றால் பனிக்கட்டியும்.

1861-65 உள்நாட்டுப் போரில் மாண்ட வீரர்களைத் தொலைதூர ஊர்களுக்கு அனுப்ப எம்பாமிங், அதாவது உடல் கெடாமல் ரசாயனத் திரவம் ஏற்றிப் பதப்படுத்துவது, தேவைப்பட்டது. 1865இல் அதிபர் லிங்கனின் பதப்படுத்திய உடல் ஊர் ஊராக நின்று அவரது ஊரான ஸ்பிரிங்ஃபீல்டு போனபோது பொதுமக்களும் அதைப் பார்த்தார்கள். அன்றைய திரவங்களில் ஆர்செனிக் இருந்தது, செய்பவருக்கே விஷம். பிறகுதான் ஃபார்மால்டிஹைடு வந்தது.

எம்பாமிங்கில் அவசரம் உதவாது. கண்ணையும் வாயையும் முதலிலேயே இயல்பாக மூடி அமைத்துவிட வேண்டும். திரவம் ஏறித் தசை இறுகியபின் முகத்தைத் திருத்த முடியாது. கழுத்துத் தமனியில் திரவத்தைச் செலுத்தி, பக்கத்துச் சிரை வழியே இரத்தத்தை வடிப்பார்கள். எழுபது கிலோ உடலுக்குச் சுமார் 11 லிட்டர் பிடிக்கும். அழுத்தம் மிஞ்சினால் இமையும் கன்னமும் வீங்கிவிடும். ஒரு கை மட்டும் இறுகாமல் தளர்ந்தே கிடந்தால், உறைந்த இரத்தம் வழியை அடைத்திருக்கிறது. அக்குள் தமனியைத் தனியாகத் திறக்க வேண்டும். மஞ்சள் காமாலையோடு இறந்தவருக்கு வீரியமான ஃபார்மால்டிஹைடு ஏற்றினால் தோல் பச்சை பாரித்துவிடும். காமாலையில் தோலில் சேரும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி, பிலிவெர்டின் என்ற பச்சை நிறமியாக மாறுவதே காரணம். இறப்புக்கான காரணத்தைப் படிக்காமல் பாட்டிலைத் திறப்பது மன்னிக்க முடியாத அலட்சியம்.

இந்தத் தொழிலை நடத்திய பல குடும்பங்கள் இறுதிச்சடங்கு இல்லத்தின் மாடியிலேயே குடியிருந்தன. ஆளைப் படுக்கவைத்து ஏற்றும் நீளமான வண்டி அவர்களிடம் இருந்ததால், 1970கள் வரை பல ஊர்களில் ஆம்புலன்ஸும் அவர்களே ஓட்டினார்கள். இறந்தவர் எந்தப் பக்கம் வகிடெடுப்பார் என்பது கேட்காமலே தெரிந்திருக்கும். பெரிய நிறுவனங்களுக்கு இது எளிதில் வாய்க்காது. ஆனால் அதே பழக்கம்தான் துக்க வீட்டாரை விலை கேட்கக் கூசவைத்தது. 1984இல் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சி விதி, ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனி விலைப்பட்டியல் தரவேண்டும் என்றது. தொலைபேசியில் கேட்டாலும் விலை சொல்ல வேண்டும். வெளியே வாங்கிய சவப்பெட்டியை இன்று மறுக்கவும் முடியாது. தேவையான விதி.

2015 வாக்கில் தகனம் அடக்கத்தை முந்திவிட்டது. பெட்டி விற்று வந்த வருமானம் சுருங்கியது. தகனத்துக்கு முன், எவ்வளவு பழகிய குடும்பமானாலும், இறந்தவர் உடலில் பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி) உண்டா என்று கேட்டு எழுதி வாங்கியாக வேண்டும். எடுக்காமல் விட்டால் அதன் பேட்டரி தகன உலைக்குள் வெடித்து, செங்கல் சுவரைச் சேதப்படுத்தும். உலையருகே நிற்பவருக்கும் ஆபத்து.