வேளாவதர் புல்வெளியில்

குஜராத்தில் பாவ்நகர் பக்கம் இருக்கும் வேளாவதர் வெளிமான் தேசியப் பூங்காவுக்குப் போய் வந்தேன். சுமார் 34 சதுர கிலோமீட்டர்தான். பாவ்நகர் மன்னர்கள் பழக்கிய சிவிங்கிப்புலிகளை ஏவி மான் வேட்டையாடிய நிலம், 1976இல் பூங்காவானது.

ஜீப்புக்கு மிக அருகில் ஒரு வெளிமான் கிடா நின்றது. கரிய முதுகு, பால்வெள்ளை வயிறு, திருகிய கொம்பு. கண்ணுக்குக் கீழே சுரப்பி விரிந்து மூடுவதுகூடத் தெரிந்தது! ஓநாய், கழுதைப்புலி எல்லாம் இங்கே உண்டு, எனக்குத்தான் வாய்க்கவில்லை.

அப்புறம் சாயங்காலம் பூனைப்பருந்துகள். குளிர்காலத்துக்கு மத்திய ஆசியாவிலிருந்து வருபவை. பகலில் சுற்றுவட்ட வயல்களில் வெட்டுக்கிளி பிடித்துத் தின்றுவிட்டு, இருட்டும் நேரத்தில் கூட்டம் கூட்டமாக இறங்குகின்றன. மரத்தில் அடைவதில்லை, புல்லுக்குள் தரையிலேயே படுக்கை. புல் போனால் அவற்றுக்குப் போக்கிடம் ஏது?

புல்வெளியைத் தரிசு என்று எழுதிவைத்து மரம் நடக் கிளம்புவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. மழைக்காலத்தில் இங்கே வரும் வரகுக்கோழி என்ற பறவைக்கும் புல்தான் வீடு. நம் கோடியக்கரை வெளிமான்களுக்கு வந்த அதே சீமைக்கருவேலத் தொல்லை இங்கேயும் உண்டு.

போக நினைப்பவர்கள் டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் போங்கள். மழைக்காலத்தில் பூங்காவை மூடிவிடுவார்கள்.